ஒப்பந்தப் பணியாளருக்கு அமெரிக்க மாணவர் கடன் தள்ளுபடி: டபிள்யூ-2 முதல் 120-ஆவது தவணை வரை

அரசுப் பள்ளியில்தான் பாடம் எடுக்கிறார், லாபநோக்கற்ற மருத்துவமனையில்தான் இரவு ஷிப்ட் பார்க்கிறார். ஆனாலும் தள்ளுபடி விண்ணப்பம் ‘தகுதியில்லை’ என்று திரும்பி வந்துவிடுகிறது. ஒப்பந்தப் பணியாளர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அமெரிக்காவின் பொதுச் சேவை மாணவர் கடன் தள்ளுபடித் திட்டம், அதாவது பிஎஸ்எல்எஃப், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று பார்ப்பதே இல்லை. சம்பளம் யார் பெயரில் வருகிறது என்றுதான் பார்க்கிறது. பள்ளியின் சொந்தச் சம்பளப் பட்டியலில் இருக்கும் காவலாளிக்குத் தள்ளுபடி உண்டு. அதே பள்ளிக்குத் தனியார் நிறுவனம் அனுப்பிய ஆசிரியருக்கு இல்லை.

திட்டம் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1-க்குப் பிறகு கட்டிய 120 மாதத் தவணைகள் கணக்காகும். அவை தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஒவ்வொரு மாதத்திலும் நீங்கள் தகுதியுள்ள அமைப்பு ஒன்றில் முழுநேரப் பணியில் இருந்திருக்க வேண்டும். கடன் ஃபெடரல் டைரக்ட் லோனாக, அதாவது அமெரிக்க அரசே நேரடியாகத் தந்த கடனாக இருக்க வேண்டும், கட்டும் திட்டமும் சரியானதாக இருக்க வேண்டும். எல்லாம் கூடிவந்தால் மிச்சக் கடன் முழுவதும் போய்விடும், அந்தத் தொகைக்கு ஃபெடரல் வருமான வரியும் இல்லை. 2017-இல் முதல் ஆட்கள் 120-ஐத் தொட்டபோது வந்த விண்ணப்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் நிராகரிக்கப்பட்டன. விதிகள் அதன்பின் எவ்வளவோ இளகிவிட்டன. ஒப்பந்தப் பணியாளருக்கு மட்டும் இன்னும் குழிகள் அதிகம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இது அமெரிக்க அரசு கொடுத்த கடனுக்கு மட்டும்தான். குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்போர் முதலான சில பிரிவினரும்தான் அந்தக் கடனை வாங்கவே முடியும். எஃப்-1 விசாவில் போய், ஊரில் வீட்டை அடமானம் வைத்து வங்கியில் எடுத்த கல்விக் கடனுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அமெரிக்கத் தனியார் வங்கிக் கடனும் சேராது. ஃபெடரல் கடனைக் குறைந்த வட்டிக்கு ஆசைப்பட்டுத் தனியார் நிறுவனத்துக்கு மாற்றினால் அதோடு தகுதி போய்விடும், திரும்பி வர வழியில்லை.

படி 1: டபிள்யூ-2 படிவத்தை எடுத்துப் பாருங்கள்

சம்பளம் தருபவர் ஆண்டுதோறும் ஜனவரி மாதம் அனுப்பும் டபிள்யூ-2 வருமானப் படிவத்தின் இடப்பக்க மேற்பகுதியில் ‘பி’ என்று குறித்த பெட்டி இருக்கும். அதில் ஒன்பது இலக்க எண் ஒன்று, இரண்டு இலக்கம், சிறு கோடு, ஏழு இலக்கம் என்று அச்சாகியிருக்கும். அதுதான் முதலாளியின் அடையாள எண், சுருக்கமாக ஈஐஎன். அதற்குக் கீழே ‘சி’ பெட்டியில் நிறுவனத்தின் பெயர். நீங்கள் தினமும் போய் நிற்கும் கட்டடத்தின் பெயரும் இந்தப் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். மாறியிருந்தால் இந்த வழிகாட்டியின் மீதி உங்களுக்காகத்தான்.

ஃபெடரல் மாணவர் உதவி அலுவலகத்தின் தளமான ஸ்டூடன்ட்எய்ட் டாட் கவ்-இல் முதலாளியைத் தேடும் கருவி இருக்கிறது. எண்ணையும் பணியில் சேர்ந்த தேதியையும் போட்டால் அந்த அமைப்பு தகுதியுள்ளதா, இல்லையா, இன்னும் முடிவாகவில்லையா என்று காட்டும். ‘முடிவாகவில்லை’ என்று வந்தால் அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண்ணை யாரும் இன்னும் ஆராயவில்லை என்பதே அதன் பொருள், படிவம் போனபின் ஆராய்வார்கள். பெயரை வைத்துத் தேடுவதைவிட எண்ணை வைத்துத் தேடுவது நல்லது. ஒரே பெயரில் லாபநோக்கற்ற தாய் அமைப்பும் லாபம் ஈட்டும் துணை நிறுவனமும் இருப்பது மருத்துவத் துறையில் சகஜம்.

தகுதியுள்ளவை எவை? ஃபெடரல், மாநில, உள்ளாட்சி, பழங்குடி அரசுகள், அவற்றின் துறைகள், அரசுப் பள்ளிகள், அரசுக் கல்லூரிகள். அடுத்து, வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரும் லாபநோக்கற்ற அமைப்புகள். அந்தப் பிரிவில் வராவிட்டாலும் சட்டம் பட்டியலிட்ட பொதுச் சேவையைத் தரும் வேறு லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் வழியுண்டு. தொழிற்சங்கங்களும் கட்சி சார்ந்த அமைப்புகளும் சேரா. லாபநோக்குள்ள நிறுவனம், அரசு வேலையை மட்டுமே செய்தாலும் சேராது.

படி 2: உங்கள் ஒப்பந்தம் எந்த வகை?

‘கான்ட்ராக்ட்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு விதமான வேலை உறவுகள் ஒளிந்திருக்கின்றன. குழப்பமெல்லாம் அங்கேதான்.

காலவரையறை ஒப்பந்தம்தான் சுலபமானது. பள்ளி மாவட்டமே உங்களை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, தன் பெயரிலேயே டபிள்யூ-2 தருகிறது என்றால் நீங்கள் நேரடிப் பணியாளர். பணி நிரந்தரமா தற்காலிகமா என்று திட்டம் கேட்பதில்லை.

லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று அரசிடம் ஒப்பந்தம் எடுத்து உங்களைப் பணியமர்த்தியிருந்தாலும் கவலையில்லை. அரசுக்காக வேலை செய்கிறீர்கள் என்பதால் வரும் தகுதி அல்ல இது. உங்கள் முதலாளி 501(சி)(3) என்பதால் வருவது.

சம்பளத்தை மட்டும் வேறொரு நிறுவனம் கையாளும் ஏற்பாடு மூன்றாவது. சிறிய தொண்டு நிறுவனங்கள் சம்பளப் பட்டுவாடாவையும் காப்பீட்டையும் வெளியாரிடம் விட்டுவிடும். டபிள்யூ-2 அந்த வெளி நிறுவனத்தின் எண்ணில் வரும். 2023 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த விதி இதை நேராகவே ஏற்கிறது: தகுதியுள்ள அமைப்போடு செய்துகொண்ட சம்பள நிர்வாக ஒப்பந்தத்தின் பேரில் டபிள்யூ-2 வந்தால், நீங்கள் அந்தத் தகுதியுள்ள அமைப்பின் பணியாளராகவே கருதப்படுவீர்கள். இங்கே தேடும் கருவியில் டபிள்யூ-2 எண்ணைப் போட்டால் ‘தகுதியில்லை’ என்றுதான் வரும். அதைப் பார்த்து மனம் தளர்ந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சான்று வாங்க வேண்டியது தொண்டு நிறுவனத்திடம், சம்பளம் போடும் நிறுவனத்திடம் அல்ல. இரண்டுக்கும் இடையிலான ஒப்பந்தத்தைக் காட்டும் கடிதம் ஒன்றையும் வாங்கி வையுங்கள்.

நான்காவது வகையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெருந்தொகை இதில்தான் புரள்கிறது. கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் பெரும்பாலான லாபநோக்கற்ற மருத்துவமனைகள் மருத்துவரை நேரடியாகச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள மாநிலச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மருத்துவ முடிவுகளில் நிறுவனம் தலையிடக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் நோக்கம். அதனால் மருத்துவர்கள் தனிக் குழுமமாக இயங்கி, மருத்துவமனையோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். செவிலியருக்கு மருத்துவமனையின் டபிள்யூ-2, பக்கத்தில் நிற்கும் மருத்துவருக்குக் குழுமத்தின் டபிள்யூ-2. செவிலியருக்குத் தகுதி உண்டு, மருத்துவருக்கு இல்லை என்பதுதான் 2023 வரை நிலைமை. இப்போது விதி சொல்வது இது: தகுதியுள்ள அமைப்பில் ஒருவர் வகிக்கும் பணியை, மாநிலச் சட்டப்படி அந்த அமைப்பின் நேரடிப் பணியாளரால் நிரப்ப முடியாது என்றால், ஒப்பந்தத்தில் அதைச் செய்பவரும் பணியாளராகவே கருதப்படுவார். 2023 ஜூலைக்கு முந்தைய பணிக்காலத்துக்கும் சேர்த்தே சான்று கேட்கலாம்.

இதில் ‘முடியாது’ என்ற சொல்தான் உயிர். மருத்துவமனை விரும்பவில்லை, செலவு குறைவு என்று வெளியே விட்டது என்பதெல்லாம் செல்லாது. சட்டமே தடுத்திருக்க வேண்டும். லாபநோக்குள்ள அவசரச் சிகிச்சைக் குழுமம் ஒன்றின் மருத்துவர், கலிஃபோர்னியாவில் லாபநோக்கற்ற மருத்துவமனையில் பணிபுரிந்தால் தகுதி பெறலாம். அவரே ஃப்ளோரிடாவுக்கு மாறி, அதே மாதிரி மருத்துவமனையில் அதே வேலையைச் செய்தால் கிடையாது. ஊர் மாறும் முன் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாவிட்டால் கடைசி சில ஆண்டுகள் வீணாகிவிடும். இன்னொன்று: மருத்துவமனைக்குச் செலவிட்ட மணிகள் மட்டுமே சேரும். வாரத்தில் 20 மணி மருத்துவமனையிலும் 20 மணி சொந்தக் கிளினிக்கிலும் இருப்பவருக்கு 20 மணிதான் கணக்கு, அது போதாது.

மற்றவற்றுக்குப் பதில் சுருக்கம். பணியாளர் அனுப்பும் ஏஜென்சி வழியாகப் போகும் பயணச் செவிலியர், ராணுவத் துறைக்கோ முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கோ மென்பொருள் எழுதும் தனியார் நிறுவன ஊழியர், டபிள்யூ-2-க்குப் பதிலாக 1099 படிவம் பெறும் சுயேச்சை ஒப்பந்தக்காரர் ஆகியோருக்கு மேலே சொன்ன மாநிலச் சட்ட விலக்கு பொருந்தினால் ஒழிய வழியில்லை. அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தின் கீழ் இயங்கும் சார்ட்டர் பள்ளிகளின் ஆசிரியர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பள்ளி லாபநோக்கற்றதாக இருந்தும், ஆசிரியர்களை வேலைக்கு வைத்திருப்பது லாபநோக்குள்ள மேலாண்மை நிறுவனமாக இருக்கலாம். வேலைக்குச் சேரும் முன், “எனக்கு டபிள்யூ-2 தருவது யார், அவர்களுடைய ஈஐஎன் என்ன?” என்று எச்ஆரிடம் கேட்டுவிடுங்கள். சம்பளம் பேசும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

படி 3: வாரம் 30 மணி

முழுநேரம் என்றால் சான்றளிக்கும் காலத்தில் வாரத்துக்குச் சராசரி 30 மணி. உங்கள் நிறுவனம் 37 அல்லது 40 மணியைத்தான் முழுநேரம் என்று சொன்னாலும் திட்டத்துக்கு 30 போதும். 40 மணி வாரத்தில் முக்கால் பங்கு வேலை செய்பவர் தேறிவிடுவார். இரண்டு மூன்று பகுதிநேர வேலைகளைக் கூட்டி 30 காட்டலாம், ஒவ்வொன்றும் தகுதியுள்ள அமைப்பாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் வேண்டும். சம்பளத்தோடு கூடிய விடுப்பும் இதில் அடங்கும்.

எட்டு மாதமோ அதற்கு மேலோ ஒப்பந்தம் உள்ள ஆசிரியர்கள், ஒப்பந்தக் காலத்தில் சராசரி 30 மணி வேலை செய்தால் கோடை விடுமுறையும் முழுநேரமாகவே எண்ணப்படும்.

கல்லூரியில் பாடத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் கற்பிக்கும் அட்ஜங்க்ட் ஆசிரியர்களுக்குத் தனிக் கணக்கு. வாரத்துக்குக் கற்பிக்கும் ஒவ்வொரு கிரெடிட் மணியையும் குறைந்தது 3.35-ஆல் பெருக்க வேண்டும். ஒரு கல்லூரியில் 6 கிரெடிட் என்றால் 20.1 மணி. இன்னொன்றில் 3 கிரெடிட் என்றால் 10.05. கூட்டினால் 30.15, தேறிவிட்டது. எட்டு கிரெடிட் மட்டும் என்றால் 26.8, தேறாது. 3.35 என்பது கீழெல்லை. அதைவிடப் பெரிய எண்ணால் பெருக்கும் கல்லூரிகளும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். படிவத்தில் கையெழுத்திடும் அலுவலர் இந்த விதியை அறியாமல், வகுப்பறை மணியை மட்டும் ‘9’ என்று எழுதிவிட்டால் படிவம் பகுதிநேரம் என்று திரும்பிவிடும். கொடுக்கும்போதே கணக்கை எழுதி இணைத்துக் கொடுங்கள்.

படி 4: கடனும் கட்டும் திட்டமும்

ஸ்டூடன்ட்எய்ட் தளத்தில் உள்நுழைந்து ஒவ்வொரு கடனின் பெயரையும் பாருங்கள். ‘டைரக்ட்’ என்று தொடங்கினால் சரி. பழைய எஃப்எஃப்இஎல், பெர்க்கின்ஸ் கடன்கள் அப்படியே சேரா. அவற்றை டைரக்ட் கன்சாலிடேஷன் கடனாக, அதாவது பழைய கடன்களை ஒன்றாக்கும் புது டைரக்ட் கடனாக மாற்ற வேண்டும். டைரக்ட் கடன்களைக் கன்சாலிடேட் செய்தால் அதுவரை சேர்ந்த தவணை எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும் என்று முன்பு சொல்வார்கள். 2023-க்குப் பிறகு அப்படியில்லை, கடன் தொகைகளின் விகிதப்படி சராசரி எடுப்பார்கள். ஆனாலும் 100 தவணை கட்டிய பழைய சிறு கடனை, 10 தவணை மட்டுமே கட்டிய பெரிய கடனோடு சேர்த்தால் சராசரி அடியில்தான் போய் நிற்கும். இரண்டையும் தனித்தனியே விடுவதே மேல்.

பெற்றோர் பெயரில் எடுத்த பேரண்ட் பிளஸ் கடனுக்குப் பெற்றோரின் வேலைதான் கணக்கு. பிள்ளை அரசு மருத்துவமனையில் இருப்பதால் அப்பாவின் கடன் போகாது.

திட்டங்களில் வருமானத்தை ஒட்டிய ஐபிஆர், பே, ஐசிஆர் சேரும். பத்தாண்டு ஸ்டாண்டர்ட் திட்டமும் சேரும், ஆனால் முதலிலிருந்தே அதில் கட்டினால் 120-ஆவது தவணையில் தள்ளுபடி செய்ய மிச்சம் எதுவும் இருக்காது. கன்சாலிடேட் செய்த கடனுக்கு ‘ஸ்டாண்டர்ட்’ என்று வருவது பெரும்பாலும் பத்தாண்டைத் தாண்டிய தவணை. அது சேராது, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் ராப் என்ற புதுத் திட்டம் வருகிறது, அதன் தவணைகளும் பிஎஸ்எல்எஃப்-இல் சேரும். அந்தத் தேதிக்குப் பிறகு புதுக் கடன் எடுப்பவர்களுக்கு வருமானத்தை ஒட்டிய திட்டம் ராப் ஒன்றுதான். பே, ஐசிஆர் இரண்டும் 2028 ஜூலை 1-க்குள் மூடப்படும்.

நீதிமன்றத்தில் முடங்கிய, வருமானத்தை ஒட்டிய இன்னொரு திட்டமான சேவ்-இல் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தவணை எண்ணிக்கை ஏறவில்லை. அந்த ஃபோர்பியரன்ஸ் மாதங்கள், அதாவது தவணையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்த மாதங்கள், சேராது. மாறாக, கோவிட் காலத்தில் 2020 மார்ச் முதல் 2023 செப்டம்பர் தொடக்கம் வரை தவணை நிறுத்திவைக்கப்பட்ட மாதங்கள், அப்போது தகுதியான பணியில் இருந்தவர்களுக்கு ஒரு டாலரும் கட்டாமலே சேரும். வருமானம் குறைந்து தவணை பூஜ்யம் டாலர் என்று வந்தாலும் அந்த மாதம் கணக்குதான். ஒவ்வோர் ஆண்டும் வருமான விவரத்தைப் புதுப்பிக்கத் தவறினால் தவணை எகிறும், அதைத் தவிர்க்க ஃபோர்பியரன்ஸில் போனால் மாதங்கள் வீணாகும். காலண்டரில் இரண்டு மாதம் முன்பே குறித்து வையுங்கள்.

படி 5: படிவமும் கையெழுத்தும்

பிஎஸ்எல்எஃப் உதவிக் கருவியில் முதலாளியின் எண், பணிக்காலம், கையெழுத்திடும் அலுவலரின் மின்னஞ்சல் ஆகியவற்றைத் தந்தால் படிவம் தானாக உருவாகும். நீங்கள் இணையத்திலேயே கையெழுத்திட்டதும் அலுவலருக்கு டாக்குசைன் என்ற இணையக் கையெழுத்துச் சேவை வழியாக ஒரு மின்னஞ்சல் போகும். பாதி விண்ணப்பங்கள் தூங்குவது இங்கேதான் என்பது என் அனுமானம்: அறியாத முகவரியிலிருந்து கையெழுத்துக் கேட்டு வரும் அஞ்சலை எச்ஆர் மோசடி என்று நினைத்து அழித்துவிடும், அல்லது ஸ்பாமில் கிடக்கும். அனுப்பும் முன் ஒரு போன் போட்டு, “இன்றைக்கு இப்படி ஒரு அஞ்சல் வரும், படிவத்தில் தேதியும் மணியும் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். அலுவலரின் மின்னஞ்சல் நிறுவனத்தின் முகவரியாக இருக்கட்டும்.

அச்சிட்டுக் கையால் நிரப்புவதானால், தட்டச்சு செய்த கையெழுத்து செல்லாது. கையெழுத்து மாதிரி எழுத்துருவில் இருந்தாலும் நிராகரிப்பார்கள். பேனாவால் போட்டதோ, விரலாலோ மவுஸாலோ திரையில் வரைந்ததோ வேண்டும். அடித்தல் திருத்தலும் வேண்டாம். பணி தொடர்கிறது என்ற பெட்டியில் குறியிட்டுவிட்டு முடிவுத் தேதியும் எழுதுவது அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை.

ஒப்பந்த மருத்துவர்களுக்கு இந்தப் படியில் தனித் தலைவலி. மருத்துவமனை உங்களைச் சம்பளப் பட்டியலில் வைத்திருக்காததால் உங்கள் மணிக் கணக்கு அவர்களிடம் இருக்காது, “தெரியாததற்கு எப்படிக் கையெழுத்திடுவது?” என்று தயங்குவார்கள். டியூட்டி அட்டவணை, குழுமத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் உங்கள் பணியைக் குறிக்கும் பக்கம், குழும நிர்வாகியின் மணிச் சான்று ஆகியவற்றோடு மருத்துவமனையின் மருத்துவப் பணியாளர் அலுவலகத்தை முதலில் அணுகுங்கள். எச்ஆரிடம் நேராகப் போனால், “நீங்கள் எங்கள் ஆள் இல்லை” என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பிவிடக்கூடும். படிவத்தில் வரவேண்டியது மருத்துவமனையின் ஈஐஎன், குழுமத்தினுடையது அல்ல. கையெழுத்தும் மருத்துவமனையினுடையதே.

பத்தாண்டு முடியும்வரை காத்திருந்து ஒரே படிவம் போடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஒப்பந்தப் பணியாளர் அதைச் செய்யவே கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையும், ஒப்பந்தம் மாறும் ஒவ்வொரு முறையும் போடுங்கள். ஒப்பந்த நிறுவனங்கள் பெயர் மாறும், விற்கப்படும், மூடப்படும். ஏழு ஆண்டு கழித்துக் கையெழுத்து வாங்க ஆள் இருக்கமாட்டார். அப்படி ஆகிவிட்டால் டபிள்யூ-2, சம்பளச் சீட்டு போன்ற சான்றுகளை வைத்துக் கல்வித் துறையே முடிவு செய்யலாம் என்று விதி இருக்கிறது, அதற்காகவே டபிள்யூ-2 எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

2025 அக்டோபர் இறுதியில் வந்த இன்னொரு விதியையும் கவனத்தில் வையுங்கள். ‘சட்டவிரோத நோக்கம்’ கணிசமாக உள்ள அமைப்பு என்று கல்வித் துறை முடிவெடுத்தால் அதன் தகுதியை நீக்கலாம், 2026 ஜூலை 1 முதல் நடைமுறை. இதை எதிர்த்து மாநிலங்களும் நகரங்களும் வழக்குத் தொடுத்துள்ளன. நீக்கம் முடிவாகும் தேதிக்கு முந்தைய மாதங்கள் பாதிக்கப்படாது, எனவே அடிக்கடி சான்று வாங்கி வைக்க இதுவும் ஒரு காரணம்.

படி 6: கணக்கு குறைந்தால்

படிவம் ஏற்கப்பட்டதும் உங்கள் கணக்கில் எண்ணிக்கை தெரியும். மாதம் மாதமாக ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு என்று பட்டால் தளத்திலேயே மறுபரிசீலனை கோரலாம், மறுப்பு வந்து 90 நாளுக்குள். டபிள்யூ-2, ஒப்பந்தம், சர்வீசரின் (உங்கள் தவணைகளை வசூலிக்கும் நிறுவனத்தின்) கட்டணப் பதிவு ஆகியவற்றை இணையுங்கள். ‘எனக்கு நியாயம் வேண்டும்’ என்று நீளமாக எழுதுவதைவிட, எந்த மாதம், எந்த எண், எந்தச் சான்று என்று மூன்று வரியில் எழுதுவது வேலைசெய்யும்.

ஃபோர்பியரன்ஸ் அல்லது டிஃபர்மென்ட்டில் (தவணையைத் தள்ளிவைக்கும் இன்னொரு ஏற்பாடு) வீணான மாதங்களைத் திரும்ப வாங்கும் ‘பைபேக்’ வசதியும் உண்டு. அந்த மாதங்களில் தகுதியான பணி இருந்திருக்க வேண்டும், வாங்கினால் எண்ணிக்கை 120-ஐத் தொட வேண்டும். ஒப்புதல் கடிதம் வந்ததும் சொன்ன தொகையை 90 நாளுக்குள் கட்ட வேண்டும். நான்கைந்து மாதம் குறைபவருக்கு இது வரப்பிரசாதம், அப்படி வீணான மாதங்களை வாங்கியும் 120-ஐத் தொடாதவருக்கு உதவாது.

120 முடிந்து இறுதிப் படிவம் போனபின் தவணையை நிறுத்தலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நிறுத்தும்படி சர்வீசரிடம் ஃபோர்பியரன்ஸ் கேட்கலாம். கேட்காமல் கட்டிக்கொண்டே இருப்பதுதான் பாதுகாப்பு: ஏதேனும் ஒரு மாதம் ஏற்கப்படாமல் எண்ணிக்கை 119 என்று வந்தால், பின்னால் கட்டிய தவணை அந்த இடத்தை நிரப்பிவிடும். 120-க்கு மேல் கட்டியது வேறு ஃபெடரல் கடன் இல்லாதவர்களுக்குத் திரும்ப வந்து சேரும்.